இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆட்டுக்கு வாயு

எங்கள் நிலையத்தில் ஒரு செம்மறிப் பெட்டை எப்போது பருவத்துக்கு வர வேண்டும் என்பதைச் செம்மறி முடிவு செய்வதில்லை. அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவுக்கு ஒரு தலைவர், தலைவருக்கு மூன்று உதவியாளர்கள், உதவியாளர்களுக்கு ஒரு குளிரூட்டிய அறை. ஆடுகளுக்குக் கொட்டில். கொட்டிலுக்கு நானும், புல் வெட்டிப் போடுகிற தீவனக்கார அக்காவும்.

குட்டி பிறந்த பத்தாம் நாள் அதன் காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அந்தச் சொட்டு குளிர் அறைக்குப் போய், ஒரு மாதம் இருந்துவிட்டு, காகிதமாகத் திரும்பி வரும். சீக்கிரம் பருவமடையும் மரபணு என்றால் காதில் மஞ்சள் வில்லை. தாமத மரபணு என்றால் நீல வில்லை. வில்லையை நாங்கள் தோடு என்போம். மஞ்சள் தோட்டுக்காரி எட்டாம் மாதம் கிடாவைத் தேடுவாள். நீலத் தோட்டுக்காரி பதினான்கு மாதம் முடியும்வரை தேட மாட்டாள். தேடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்காது; தேட மாட்டாள் என்றுதான் எழுதியிருக்கும். முதலாவதை மீறினால் தண்டனையோடு போகும். இரண்டாவதை மீறினால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பதினான்கு மாதம் முடிந்தும் பருவத்துக்கு வராத ஆட்டைப் பற்றி விசாரணை நடக்கும். பத்தொன்பது வருடம் முடிந்தும் வேலை நிரந்தரமாகாத ஆளைப் பற்றி நடக்காது. அந்த ஆள் நான். கோப்பு தலைவரின் மேசையில் இருப்பதாகச் சொல்வார்கள்.

தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜோசியர். ஒரு சொட்டு ரத்தத்தில் ஒரு ஆட்டின் மொத்த வாழ்க்கையையும் சொல்லிவிடுவார். அவர் சொன்னது தவறியதே இல்லை. தவறுகிற மாதிரி இருந்தால் ஆட்டை விற்றுவிடுவார்கள்.

என் வேலை மாப்பிள்ளையோடு. மாப்பிள்ளை என்பது கிடா. நெஞ்சில் ஒரு தோல்வார், அதில் ஒரு சிவப்புச் சாயக்கட்டி. பருவத்துக்கு வந்த பெட்டை ஓடாமல் நிற்கும், மாப்பிள்ளை ஏறும், பெட்டையின் பின்முதுகில் சிவப்பு ஒட்டும். காலையில் போய் யார் முதுகில் சிவப்பு என்று பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். குட்டி தங்காதபடி மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் செய்தாயிற்று என்று அவன் கொட்டில் கதவிலேயே சான்று ஒட்டியிருந்தது. கல்யாணம் உண்டு, குடும்பம் கிடையாது.

எழுதும் வேலையை என்னிடம் கொடுத்ததில் நிலையம் ஒரு தவறு செய்துவிட்டது. நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டியவன். கண்ணில் பட்டதைத்தான் எழுத வரும்.

நீலத் தோட்டுக் கொட்டிலில் நாற்பத்திரண்டு பேர். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு கொஞ்சம் வாயாடி. தன் தொட்டியைக் காலி செய்துவிட்டு அடுத்தவள் தொட்டியில் தலையை விடுவாள். வேர்வை உப்புக்காக என் சட்டைக் கையை நக்கி நக்கியே நைந்துபோகச் செய்தவள். ஏழாம் மாதம் ஒரு காலையில் அவள் முதுகில் சிவப்பு இருந்தது.

“அக்கா, இங்க வந்து பாருங்க.”

அக்கா புல்கட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தாள். “அவளா? ஊரான் தொட்டியில எல்லாம் தின்னு கொழுத்தவளாச்சே. உடம்பு சேர்ந்தா அதது தன்னால வரும். இதுக்கு ரத்தம் எடுத்து வேற பார்க்கணுமாக்கும்.”

“நீலத் தோடு அக்கா.”

“தோடு காதுல இருக்கு. வயசு காதுலயா இருக்கு?”

நான் ஏட்டில் எழுதினேன்: ‘நீலம் 212. முதுகில் சிவப்பு. ஓடாமல் நின்றது.’

மறுநாள் ஜோசியர் கூப்பிட்டனுப்பினார். குளிர் அறையில் என் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தரை அவ்வளவு சில்லென்று இருந்தது.

“இதை எழுதினது யாரு?”

“நான்தான் ஐயா.”

“எதை வெச்சு எழுதினீங்க?”

“பார்த்தேன் ஐயா.”

“அதான் தப்பு.” அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை. “பெரியவரே, ஆட்டோட மூளைக்குள்ள ஒரு கதவு இருக்கு. அந்தக் கதவுக்கு ஒரு காவல்காரன். அவன்தான் மரபணு. அவன் திறந்தாதான் மூளையிலேர்ந்து சினைப்பைக்கு சேதி போகும். இந்த ஆட்டோட காவல்காரன் பதினாலு மாசம் தூங்கறவன். நானே பார்த்திருக்கேன்.”

“ஆட்டையா ஐயா?”

“ஆட்டை எதுக்குப் பார்க்கணும்? அறிக்கையைப் பார்த்தேன். ஆட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுன்னா ஆடு மேய்க்கிறவனே போதுமே, நாங்க எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. செருப்பு வெளியே இருந்ததால் சொல்லவில்லை.

சாயம் குறித்து ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று முறை கூடியது. ஒரு முறைகூடக் கொட்டிலுக்கு வரவில்லை. நாற்றம் முடிவைப் பாதிக்கும் என்றார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது. சாயம் உண்மை. ஆடு நீலம் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகள் மோதும்போது மூன்றாமவன் பொய் சொல்கிறான் என்று பொருள். ஆகவே குற்றம் கிடாவுடையது. ‘பருவமடையாத ஆட்டின் மீது அனுமதியின்றிச் சாயம் பூசியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தருக’ என்று மாப்பிள்ளையின் கதவில் ஓர் ஓலை ஒட்டினார்கள். இரண்டாம் நாள் மாப்பிள்ளை அதைத் தின்றுவிட்டான். இது இரண்டாவது குற்றம்.

ஏழாம் நாள் எழுத்தர் வந்தார். நிலையத்தின் எல்லா முத்திரைகளும் அவரிடம்தான் இருக்கும். அதனால் அவர் பெயரே முத்திரை.

“விளக்கம் எங்கப்பா?”

“கிடா எப்படி சார் எழுதும்?”

“நீங்க எழுதப் படிச்சவர்தானே? அது சார்பா எழுதுங்க.”

எழுதினேன்: ‘இனிமேல் கவனமாக இருப்பேன்.’ முத்திரை படித்துப் பார்த்து, பணிவு போதவில்லை என்று ‘தாழ்மையுடன்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். பிறகு கையெழுத்துக்காக மாப்பிள்ளையின் முன்னங்காலை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, குளம்பில் மை தடவிக் காகிதத்தில் வைத்தார்கள். நானும் ஒரு காலத்தில் கைநாட்டு வைத்தவன். என் விரலை இவ்வளவு பக்குவமாக யாரும் பிடித்ததில்லை.

ஏட்டில் என் வரியின் மேல் ஜோசியர் சிவப்பு மையால் கோடு இழுத்து ‘காட்சிப் பிழை’ என்று எழுதினார். விவகாரம் முடிந்தது.

வயிறு மட்டும் முடியவில்லை. நாலு மாதம் போனதும் இருநூற்றுப் பன்னிரண்டு இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நடந்தாள். மடி இறங்கியது. அக்கா தினமும் என்னைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன்.

டாக்டரைக் கூட்டி வந்தோம். நிலையத்தின் கால்நடை டாக்டர் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பதைத் தவிர வேறு எந்தத் தைரியமும் அவரிடம் கிடையாது. அவள் அடிவயிற்றில் கையை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துத் துண்டில் துடைத்தார்.

“ரெண்டு இருக்கு” என்றார் மெல்ல.

“ரெண்டு குட்டியா டாக்டர்?”

“சத்தம் போடாதீங்க. என் கைக்குத் தெரியும். என் பேனாவுக்குத் தெரியாது.”

“மாப்பிள்ளைக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே?” என்று அக்கா கேட்டாள். நக்கலாகக் கேட்டாளா, நிஜமாகக் கேட்டாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

டாக்டர் கதவைப் பார்த்துக்கொண்டார். “அன்னைக்கு அந்த ஆபரேஷனுக்குத் திறப்பு விழா வெச்சாங்க. ஞாபகம் இருக்கா? நான் மயக்க ஊசி போட்டுட்டு நின்னேன். ஜோசியர் பேசினார். அப்புறம் சிறப்பு விருந்தினரா வந்தவர் பேசினார். அப்புறம் வந்தவரைப் பாராட்டி ஜோசியர் மறுபடி பேசினார். நன்றி சொல்றதுக்குள்ள மயக்கம் தெளிஞ்சு மாப்பிள்ளை எழுந்து நின்னுட்டான். போட்டோ எடுத்தாச்சு. சான்றும் எழுதியாச்சு. அதுக்கு மேல அறுத்தா சான்றுல தேதி இடிக்கும்னு முத்திரை சொன்னார்.”

“அப்போ மஞ்சள் தோட்டுக்காரிங்க போட்ட குட்டியெல்லாம்?”

“அதுக்கெல்லாம் இனவிருத்திக்குன்னு வெச்சிருக்கிற பெரிய கிடா பேரு எழுதியிருக்கு. யாரும் கேட்கலை.”

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. ஏட்டின்படி இவள் பெண்ணாகவில்லை. ஏட்டின்படி அவன் ஆணாக இல்லை. ஆகவே வயிற்றில் உதைத்துக்கொண்டிருப்பவை இல்லை.

டாக்டர் ஜோசியரிடம் ஒருமுறை பேசித்தான் பார்த்தார். கையெழுத்து வாங்கக் காத்திருந்த நான் வாசலில் நின்று கேட்டேன்.

“மரபணு ஒரு பக்கம்தான் சார். தீவனம் ஒரு பக்கம், வெயில் நேரம் குறையறது ஒரு பக்கம். எல்லாம் சேர்ந்துதான் கதவு திறக்குது. நாற்பத்திரண்டுல நாற்பத்தொண்ணு நீங்க சொன்ன மாதிரியே இருக்கே, அதுவே பெரிய விஷயம். ஒண்ணு தவறிச்சுன்னு எழுதிட்டா என்ன?”

“டாக்டர், நூத்துக்கு நூறுன்னு போன மாசமே அச்சடிச்சாச்சு. அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. ஒரு ஆட்டுக்காக இத்தனை புத்தகத்தையும் கிழிக்கச் சொல்றீங்களா? ஆடு செத்தா இன்னொண்ணு பிறக்கும். முடிவு செத்தா நிலையம் செத்துடும்.”

டாக்டர் வெளியே வந்து சீட்டு எழுதினார். ‘212: வயிற்றில் வாயு. காலை மாலை எண்ணெய் புகட்டவும். தீவனத்தைப் பாதியாகக் குறைக்கவும்.’ என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

நான் எண்ணெய் புகட்டினேன். தீவனத்தைப் பாதியாக்கினேன். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நானும் அந்த நிலையத்தில் படித்தவனாகிவிடுவேன். என் கோப்பு ஜோசியரின் மேசையில் இருந்தது. அக்கா மட்டும் முந்தானையில் புல் கொண்டுவந்து போடுவாள்.

“ரெண்டு உசிரைச் சுமக்கிறவளைப் பட்டினி போடுறீங்களே அண்ணே. உங்க கை நடுங்கலையா?”

“சீட்டுல எழுதியிருக்கு அக்கா.”

“படிக்கத் தெரியாம இருந்தப்போ நல்ல மனுஷனா இருந்தீங்க.”

மறுநாளிலிருந்து நானும் தவிட்டைத் திருடிப் போட்டேன். ஆனால் பதினோரு நாள் போயிருந்தது. கடைசி மாதத்தில் பதினோரு நாள் என்றால் என்னவென்று ஆடு வளர்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் பெரிதாகவே இருந்தது. எழுந்திருக்க இரண்டு முறை முயல்வாள், மூன்றாவது முறை எழுவாள். என் சட்டையை நக்குவதை விட்டுவிட்டாள்.

மதிப்பீட்டுக் குழு வந்த காலையில் அவளுக்கு நீர்க்குடம் உடைந்தது.

ஈற்றுக் கொட்டில் அடுத்த கட்டடம். அங்கேதான் வெந்நீர், விளக்கு, கயிறு, மருந்து எல்லாம். சாவி முத்திரையிடம். ஓடினேன். அவர் விருந்தினர்களின் பெயர் அட்டைகளில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

“ஈற்றுக் கொட்டில் சாவி வேணும் சார். ஆடு ஈனுது.”

“எந்த ஆடு?”

“இருநூத்திப் பன்னிரண்டு.”

அவர் பேரேட்டைப் புரட்டினார். நிதானமாக, எச்சில் தொட்டு. “அதுக்குப் பருவச் சான்று இல்லையே.”

“நீலத் தோடு சார். பதினாலு மாசம் ஆனாத்தான் கொடுப்பாங்க. இப்போ பன்னிரண்டு.”

“அப்போ ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.”

“அதுக்குள்ள குட்டி வெளிய வந்துடும் சார்!”

“சான்று இல்லாத குட்டியா? எங்க வைப்பீங்க?” என்று நிஜமான கவலையோடு கேட்டார். “பெரியவரே, எனக்கும் குழந்தைங்க இருக்கு. கல் மனசு இல்லை. ஆனா பருவத்துக்கு வராத ஆட்டை ஈற்றுக் கொட்டில்ல சேர்த்தா நாளைக்குக் கிடாயெல்லாம் வந்து படுத்துக்கும். ஒழுங்குன்னு ஒண்ணு வேணாமா?”

டாக்டரைத் தேடி அறுவை அறைக்குப் போனேன். மேசையில் வரைபடங்களைப் பரப்பியிருந்தார்கள். ‘நீல வகையில் நூறு சதவீத வெற்றி’ என்று பெரிதாக ஒன்று, விளக்குக் கம்பியில் தொங்கியது.

கூட்ட அரங்கில் ஜோசியர் பேசிக்கொண்டிருந்தார். கதவு இடுக்கில் டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்தபடி வெளியே வந்தார். உள்ளேயிருந்து ஒலிபெருக்கி எங்களுக்கும் கேட்டது.

“...இயற்கைக்கு அவசரம் அதிகம். நாங்கள் இயற்கைக்குப் பொறுமை கற்றுக்கொடுக்கிறோம்...” கைதட்டல்.

“ஒரு மணி நேரமா முக்கறா டாக்டர். ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது. தலை வரலை. வந்து அறுத்து எடுத்துடுங்க.”

“சினையே இல்லாத ஆட்டுக்குப் பிரசவ ஆபரேஷன் பண்ணேன்னு எப்படி எழுதுவேன்?”

“எழுத வேணாம். வந்து பண்ணுங்க.”

அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். அந்த ஒரு நொடி நான் அவரை நம்பினேன். உள்ளே ஜோசியர், “எங்கள் கால்நடை மருத்துவர் இப்போது சில சொற்கள் பேசுவார்” என்றார். டாக்டர் மடித்த கையை மறுபடி இறக்கிப் பொத்தானைப் போட்டார்.

“கேளுங்க. புல்லு போடற அம்மா கை சின்னது. சோப்பும் எண்ணெயும் தடவச் சொல்லுங்க. காலை உள்ள தள்ளணும், இழுக்கக் கூடாது. தலையைத் தேடிப் பிடிச்சு, ரெண்டு காலையும் சேர்த்து, அவ முக்கும்போது மட்டும் இழுக்கணும். ரெண்டு குட்டியோட காலும் பின்னியிருக்கும், எது எதோடதுன்னு தடவிப் பாருங்க. போங்க.” கண் கலங்கியிருந்தது. போய்ப் பேசினார். நன்றாகவே பேசியிருப்பார்.

கொட்டிலில் நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வளையலைக் கழற்றி என் பையில் போட்டாள். முழங்கைவரை எண்ணெய். அவளுக்கு வாயு என்று புகட்டிய அதே எண்ணெய்தான் மிச்சமிருந்தது.

“தலை கிடைச்சுது... இல்லை, இது இன்னொருத்தனோட முட்டி. அடப் பாவி, நகருடா... அண்ணே, அவ கண்ணை மூட விடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க.”

“என்னத்தைப் பேசறது?”

“எதையாவது. திட்டுங்க.”

நான் திட்டினேன். அவளை அல்ல. அக்கா இழுத்தாள். வழுக்கிக்கொண்டு ஒன்று வெளியே வந்து வைக்கோலில் விழுந்தது. பெட்டைக் குட்டி. மூக்கைத் துடைத்து, பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டினதும் தும்மியது.

இரண்டாவதற்கு முக்க அவளிடம் தெம்பு இல்லை. அக்கா மறுபடி கையை விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக எடுத்துக்கொண்டாள். “அண்ணே, அவ போயிட்டா” என்றாள். என் மடியில் இருந்த தலைதான். எனக்கு முன்னால் அக்காவின் கைக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது மதிப்பீட்டுக் குழு கொட்டிலுக்குள் வந்தது. ஐந்து பேர், காலில் பிளாஸ்டிக் உறை. முன்னால் ஜோசியர், பின்னால் முத்திரை. செத்த ஆடு, ரத்தம், தும்முகிற குட்டி, முழங்கைவரை சிவந்த ஒரு பொம்பளை. எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. மறைக்க நேரமில்லை, மறைக்கத் தேவையும் இருக்கவில்லை.

“இது?” என்று குழுவில் ஒரு அம்மா கேட்டார்.

“வாயு” என்றார் ஜோசியர். “நாட்பட்ட வாயு. சிகிச்சை கொடுத்தோம், பலனில்லை. அறிக்கையில இணைச்சிருக்கோம்.”

“அந்தக் குட்டி?”

“பக்கத்துக் கொட்டிலோடது. சுத்திப் பார்க்க வந்திருக்கும்.”

தொப்புள்கொடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க, என்ன ஆச்சு?”

என்ன ஆச்சு என்று பத்தொன்பது வருடத்தில் ஒரு அதிகாரி என்னிடம் கேட்டது அதுதான் முதல் முறை. ஜோசியரும் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

“குட்டி போட்டுச் செத்துதும்மா” என்றேன். “உள்ள இன்னொண்ணு இருக்கு. வயித்தைத் திறந்து பாருங்க.”

ஜோசியர் சிரித்தார். “நம்ம ஆளுங்களுக்கு ஆய்வு மொழி வராது. எது செத்தாலும் இப்படித்தான் சொல்லுவாங்க. உழைப்பாளிங்க, பாவம்.” பிறகு முத்திரையிடம், “காரணம் முன்கூட்டியே தெரிஞ்ச சாவுக்கு அறுவைச் சோதனை வேண்டாம். நேர விரயம். புதைச்சிடச் சொல்லுங்க” என்றார்.

அந்த அம்மா குனிந்து தன் காகிதத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் சொல் எதுவும் அதில் இல்லை. ‘பணியாளர்களுக்குப் பயிற்சி தேவை’ என்று இருந்தது.

அவளை முழுசாகப் புதைத்தோம். உள்ளே இருந்தவனையும் சேர்த்து. குழி ஒன்றுதான், கணக்குக்கு ஒரு ஆடு.

சீம்பால் இல்லாமல் குட்டி மாலைவரை தாங்காது. அன்று விடியலில் மஞ்சள் தோட்டுக்காரி ஒருத்தி ஈற்றுக் கொட்டிலில் ஈன்றிருந்தாள். விருந்தினர்களுக்குக் காட்டத் திறந்த கதவு அவர்கள் போனபின்னும் திறந்தே கிடந்தது. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அவள் குட்டியின் ஈரத்தை வைக்கோலில் ஒற்றி இதன் மேல் தேய்த்தேன். தலை, முதுகு, வால். அப்படித் தேய்த்தால் தன்னுடையது என்று ஏமாந்து பால் கொடுப்பார்கள்.

அவள் மோந்து பார்த்தாள். தலையை மோந்தாள், வாலை மோந்தாள், தன் குட்டியைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி மோந்தாள். பிறகு முட்டித் தள்ளினாள். குட்டி சுவரில் போய் விழுந்தது. எடுத்து நிறுத்தினேன். மறுபடியும் முட்டினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளும் இந்த நிலையத்தில் வளர்ந்தவள்தானே.

“பெரியவரே!” வாசலில் முத்திரை நின்றார். கையில் ஒரு படிவம். “வெளி ஆட்டுக் குட்டி ஒண்ணு வளாகத்துல நுழைஞ்சிருக்காம். எந்த வழியா வந்துச்சு, யாரு விட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. தலைவர் உங்க நிரந்தரக் கோப்பையும் எடுத்து வெச்சிருக்கார். இன்னைக்கே முடிச்சிடலாம்னார்.”

நான் மஞ்சள் தோட்டுக்காரியைச் சுவரோடு சேர்த்து, முழங்காலால் அழுத்திப் பிடித்தேன். திமிறினாள். ஒரு கையால் அவள் கழுத்தை வளைத்துக்கொண்டு, மறு கையால் குட்டியின் வாயை மடியில் வைத்தேன். பிடிக்கத் தெரியவில்லை. காம்பைப் பீய்ச்சி உதட்டில் தடவினேன்.

“காது கேட்கலையா? கையெழுத்து!”

“ரெண்டு கையும் வேலையா இருக்கு சார்” என்றேன்.

குட்டி ஒரு முறை சப்பிப் பார்த்தது. நின்றது. பிறகு விடாமல் இழுக்க ஆரம்பித்தது.